பம்பாய்ப் பெரியார் ஜகந்நாத் சங்கர்சேட்

மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928ஆம் ஆண்டில். அதன் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் குருக்கள்மடம் முதலிய ஊர்களுக்கு அப்பாதை இன்றுவரை நீளவில்லை. இரும்புப் பாதை ஓரூரை அடைவது இயற்கையின் செயலன்று. முதலும் முயற்சியும் அரசின் மனமும் கூடினாலன்றி அது நடவாது. இவ்வுண்மைக்குச் சான்று பகர்வது ஜகந்நாத் சங்கர்சேட் அவர்களின் வரலாறு.

1803இல் செல்வம் மிக்க வணிகக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். அராபிய, ஆப்கானிய வணிகர் தம் பொருளை வங்கியில் வையாது அவரிடமே ஒப்படைத்தனர் என்பர். அத்தகையது அவர் நாணயம். பம்பாயில் அந்நாளில் மேயர் என்றொருவர் இல்லை. நகர அலுவல்களிற் சமாதான நீதவான்கள் பங்குகொண்டனர். அப்பதவி பெற்ற முதல் இந்தியருள் இவரும் ஒருவர். பெண்கல்வியைப் பலர் பழித்த காலத்திலே, பெண்பிள்ளைகளின் பாடசாலைக்குத் தம் வளவிலே இடமளித்தார்.

உள்நாட்டுப் பருத்தி மாட்டுவண்டிகளில் ஊர்ந்தே துறைமுகத்தை அடைந்தது. இதனை மாற்றக் கருதி, 1845இல் ஜம்சேட்ஜி ஜீஜிபாயுடன் சேர்ந்து இந்திய இரயில்வேச் சங்கத்தை அமைத்தார். பின்னர் எழுந்த கிரேட் இந்தியன் பெனின்சுலா கம்பனியின் இயக்குநர்களுள் இந்தியர் இவ்விருவருமே. 1853 ஏப்ரல் 16ஆம் நாள், 21 பீரங்கிகள் முழங்க, 14 பெட்டிகளில் ஏறத்தாழ 400 விருந்தினருடன் முதற் பயணிகள் வண்டி போரி பந்தரிலிருந்து 21 மைல் தொலைவிலுள்ள தானே நகருக்குச் சென்றது. சாகிப், சிந்து, சுல்தான் என்னும் மூன்று இயந்திரங்கள் அதனை இழுத்தன.

இவ்வெற்றிக்கு மறுபுறமும் உண்டு. கம்பனியின் தலைமையகம் இலண்டனில் இருந்தது. முதலிட்டோருக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி உறுதிசெய்யப்பட்டது. வருமானம் குறையின் அதனை நிரப்பியது இந்தியக் குடிகளின் வரிப்பணமே. போர் கணவாயில் மலையைக் குடைந்து 1863இல் பாதை திறக்கப்படுமுன், பெருந்தொகையான தொழிலாளர் நோயாலும் விபத்தாலும் மாண்டனர்.

சங்கர்சேட் ஆட்சியாளரோடு இணங்கி உழைத்தவரேயாயினும் அவர்தம் அடிவருடியல்லர். குடிகளின் குறைகளை எடுத்துரைக்க 1852இல் பம்பாய்ச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அரசின் ஐயத்துக்கு ஆளானார். சான்று கிடைக்காமையால் அவ்வையம் நீங்கியது. அதே அரசு 1862இல் அவரைப் பம்பாய்ச் சட்டசபையில் அமர்த்தியது. 1865 ஜூலை 31ஆம் நாள் அவர் காலமானார்.

பாதை போட்ட கம்பனி பிறநாட்டது. ஆனால் அது வேண்டுமென்று முதலிற் கேட்ட குரல்களுள் ஒன்று அவருடையது. ஊருக்கு வேண்டுவதை ஊரவரே உணர்ந்து கேட்கவேண்டும்; அதற்காகும் செலவு யார் தலையில் விழுகிறதென்பதையும் அவர்களே கணக்குப் பார்க்கவேண்டும். சங்கர்சேட்டின் வாழ்வு புகட்டும் பாடம் இதுவே.