சினைப்பைப் புற்றுநோய் தாமதமாகக் கண்டறியப்படுதல்: தஞ்சை வட்டாரப் பின்னணி

சினைப்பைப் புற்றுநோய், கருப்பையின் இரு பக்கமும் உள்ள சினைப்பைகளிலோ அவற்றை ஒட்டிய கருக்குழாயின் முனையிலோ தோன்றும் நோய். சூலகப் புற்றுநோய் என்றும் அழைக்கப்படுகிறது. முதல் கட்டத்தில் கண்டறியப்பட்டவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். ஆனால் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு, நோய் வயிற்றுக்குள் பரவிய மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் தெரியவருகிறது.

முன்வரலாறு

வயிற்றுக்குள் வளரும் புற்றுநோய் சாதாரண வயிற்றுக் கோளாறாகத் தோன்றுவது புதிதல்ல. தஞ்சாவூரை அடுத்த புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய நோய் முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டது. இந்த இழப்பே 1954இல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்படக் காரணமாயிற்று. தொடக்கத்தில் அங்கு 12 படுக்கைகளே இருந்தன.

தஞ்சாவூர் முன்னோடித் திட்டம்

உலக வங்கி நிதியுதவி பெற்ற தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ், 2007இல் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் 30 முதல் 60 வயது வரையிலான பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கியது. பின்னர் இது மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது. கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறுபட்ட திசு வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம், ஆய்வகம் தேவையில்லை.

சினைப்பைக்கு இதைப் போன்ற எளிய சோதனை கிடையாது. பாதாம் கொட்டை அளவுள்ள அவ்வுறுப்பு இடுப்புக் குழியின் ஆழத்தில் இருப்பதால், கண்ணால் பார்க்கவோ தொடக்கத்தில் கையால் உணரவோ முடிவதில்லை. கருப்பை வாய்ச் சோதனையில் குறையில்லை என வரும் முடிவு சினைப்பையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'கர்ப்பப்பை' என்றே குறிப்பதால் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. கருப்பையை அகற்றிக்கொண்ட பலருக்கும் சினைப்பை உடலிலேயே இருக்கும்.

அறிகுறிகளின் மயக்கம்

வயிற்று உப்புசம், சிறிது உண்டாலே வயிறு நிறைந்த உணர்வு, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். இவை வாயுத் தொல்லை, அல்சர், மாதவிடாய் நிற்கும் காலத்துக் கோளாறு என்று எளிதில் கருதப்படுகின்றன. நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் கூலி வேலையாக உள்ள டெல்டாவில், வாயு என்று தோன்றும் ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குச் செல்வது கடினம்.

கட்டியிலிருந்து உதிரும் செல்கள் வயிற்றறை முழுவதும் பரவுவதால் நீர் கோத்துக்கொள்ளும். பழைய மருத்துவ வழக்கில் இது மகோதரம் எனப்பட்டது. கல்லீரல் நோயிலும் வயிற்றுக் காசநோயிலும் இவ்வாறே வயிறு வீங்கும் என்பதால் காரணத்தை உறுதிசெய்ய மேலும் காலம் ஆகிறது.

சோதனைகளின் வரம்பு

1981இல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் கண்டறிந்த சிஏ-125 என்ற இரத்தக் குறியீடு நம்பிக்கை அளித்தது. ஆனால் முதல் கட்ட நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது உயர்வதில்லை. காசநோயிலும் மாதவிடாயின்போதும் உயரக்கூடும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. ஆண்டுதோறும் செய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இந்நோயால் ஏற்படும் இறப்பைக் குறைக்கவில்லை என்று அது காட்டியது. எனவே அறிகுறியற்ற எல்லாப் பெண்களுக்கும் இச்சோதனைகள் பரிந்துரைக்கப்படுவதில்லை.

இன்றைய நிலை

ஆகவே அறிகுறிகளைக் கவனிப்பதே இன்றுள்ள முக்கிய வழி. மேற்கண்ட தொல்லைகள் புதிதாகத் தோன்றி, சில வாரங்களாக அடிக்கடி வந்துகொண்டிருந்தால், குறிப்பாக 50 வயதைக் கடந்தவர்கள், மகளிர் மருத்துவரிடம் வயிற்று ஸ்கேன் பற்றிக் கேட்க வேண்டும். தாய், சகோதரி ஆகியோருக்கு மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ள குடும்பங்களில் ஆபத்து மிகுதி. கருப்பை வாய்ச் சோதனை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாலும் இது பொருந்தும்.