கை மாறிய கடை

நடுவர் அவர்களே! காரவள்ளியில ஏறினா கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. நம்ம கடை ஒண்ணோட கதையும் அப்படித்தாங்க!

1905-ல் நீலகிரி மலையில் முத்துசாமி முதலியார் தொடங்கிய பால்பண்ணை வியாபாரம்தான் 'நீல்கிரீஸ்'. நூறாண்டு குடும்பத்தின் கையில் வளர்ந்தது. 2000-களின் பிற்பகுதியில் பெரும்பங்கு ஆக்டிஸ் என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது. 2014-ல் சுமார் 300 கோடிக்கு ஃபியூச்சர் குழுமம் வாங்கியது. 2022-ல் அந்தக் குழுமத்தின் ஃபியூச்சர் ரீடெய்லே திவால் வழக்கில் நின்றது!

"பணம் வந்தா கடை பெருகுமே"ன்னு எதிரணி கேட்பாங்க. பெருகும், மறுக்கலை. ஆனா வாங்கியவன் கடன்பட்டால் வாங்கப்பட்ட கடையும் தள்ளாடுமே! கடைக்காரர் நம்ம முகம் பார்ப்பார்; பங்கு வாங்கியவர் கணக்கு மட்டும்தானே பார்ப்பார்? மூலதனம் வரட்டும் ஐயா. முகம் மறக்க வேண்டாம்!