காவிரியின் பங்கீடு: முக்கொம்பு சொல்லும் வரலாறு

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியிலிருந்து வடக்கே நோக்குங்கள். முதலில் காவிரி, அதன் அக்கரையில் திருவரங்கத்தின் கோபுரங்கள், அவற்றுக்கும் அப்பால் கொள்ளிடம். நகருக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில், முக்கொம்பில், ஒரே ஆறு இரண்டாகப் பிரிகிறது. அதனால் உண்டான தீவே திருவரங்கம். இந்தப் பிரிவு சரியாக நடந்தால் தஞ்சை, நாகைப் பகுதிகளில் நெல் விளையும். பிசகினால் கடற்கரையோரக் கடைமடை வயல்கள் வெடித்துக் கிடக்கும்.

காவிரி பாசன ஆறு. பல கிளைகளாகப் பிரிந்து வயல்களுக்கு நீரூட்டுகிறது. கொள்ளிடம் வெள்ள வடிகால். அதன் படுகை தாழ்வானது, சரிவும் மிகுதி. நீர் பள்ளத்தை நாடும் என்பது நாம் அறிந்ததே. ஆகவே கொள்ளிடத்தில் நீர் மிகுதியாகச் சென்றது. காவிரியில் நீரோட்டம் தளர்ந்தது. ஓட்டத்தின் வேகம் குறைந்தால், அது சுமந்துவரும் மணலும் வண்டலும் அடியில் தங்கிவிடும். அதனால் படுகை மேடாகும். மேடானால் நீர் வரவு இன்னும் குறையும். வரவு குறைந்தால் வேகமும் குறைந்து மேலும் மணல் சேரும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் தீங்கு இது. மழை பொய்க்காத ஆண்டிலும் வறட்சி வருவதற்கு இதுவே போதும்.

தீவின் கீழ்க்கோடியிலும் இதே ஆபத்து உண்டு. அங்கே மேட்டில் வரும் காவிரி நீர், அருகிலுள்ள தாழ்வான கொள்ளிடத்தில் இறங்கிவிடக்கூடும். அதைத் தடுப்பதே கரிகாலன் கட்டியதாகக் கருதப்படும் கல்லணையின் பணி. ஆனால் தலைப்பிலேயே நீர் கொள்ளிடத்துக்குப் போய்விட்டால் கல்லணை என்ன செய்யும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சிக்கல் முற்றியது. பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார்; 1836-இல் பணி முடிந்தது. அடியில் பாறை இல்லாத ஆற்றுமணலில் எப்படி அடித்தளம் இடுவது? அந்த வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடம் கற்றதாகக் காட்டனே ஒப்புக்கொண்டார். பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டவும் அவ்வனுபவம் உதவிற்று.

இத்துடன் கதை முடியவில்லை. சில ஆண்டுகளில் காவிரி அளவுக்கு மீறி நீரை இழுக்கத் தொடங்கியது. வேகம் கூடவே, முன்பு மணல் படிந்த இடத்தில் இப்போது அரிப்பு ஏற்பட்டது. எனவே 1840-களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரித் தலைப்பிலும் தடுப்பு அமைக்க வேண்டியதாயிற்று. ஆற்றின் ஒரு பக்கத்தைத் தொட்டால் மறுபக்கம் அசையும் என்பது அன்று கிடைத்த பாடம்.

அணைக்கட்டு நீரைப் பங்கிடும், நீரைப் படைக்காது. 1934-இல் எழுந்த மேட்டூர் அணை 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கவல்லது. அதுவும் மழை பெய்தால்தான் நிரம்பும். டெல்டாவுக்கு மழை இரு வழிகளில் உதவுகிறது. குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை ஆறாக வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை வயலிலேயே நேராக விழுகிறது. பசிபிக் கடற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் முதலாவது குறைவதற்கும் இரண்டாவது கூடுவதற்கும் வாய்ப்பு அதிகம். 2015-இல் அப்படித்தான் நடந்தது. இயற்கை ஒரு கையால் மறுத்ததை மறு கையால் தந்தது எனலாம்.

ஆனால் இது வாய்ப்பே தவிர வாக்குறுதி அன்று. 2016-இல் இரண்டு கைகளும் மூடிக்கொண்டன. காவிரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை குறைந்தது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழையும் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் அன்றிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது: 2018 ஆகஸ்ட் 22 இரவு, பெருவெள்ளத்தின்போது, கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து விழுந்தன. பின்னர் அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது.

வறண்ட ஆண்டும் வெள்ள ஆண்டும் இனியும் மாறி மாறி வரும். அவற்றை நிறுத்த நம்மால் இயலாது. வந்த நீர் கடைமடை வரை சேர வேண்டுமானால், வறண்ட காலத்திலேயே மதகுகளைப் பழுதுபார்க்க வேண்டும். வாய்க்கால்களைத் தூர்வார வேண்டும். ஆற்று மணலை அளவின்றி அள்ளாதிருக்க வேண்டும். இவை நம் கையில் உள்ளவை.