சோழியில் போட்ட கிரகணக் கணக்கு

வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றி வரும். புதுச்சேரித் தமிழர் ஒருவர் சோழிகளை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்து ஒரு பிரெஞ்சு வானியலாளரை அசத்தினார் என்று. கதை பொய்யில்லை. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த லெ ஜென்டில் 1769-இல் மேகத்தால் ஏமாந்துபோனார், பாவம். ஆனால் ஊரில் தங்கியிருந்தபோது உள்ளூர்க் கணக்கு முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1765 ஆகஸ்ட் 30 கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவின் மேயர் அட்டவணை 68 விநாடி கூடுதல்.

ஃபார்வர்டு இங்கே முடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்ததுதான்.

சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன் 1825-இல் 'கால சங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் தரையில் சோழி பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளைக் கொண்டு, அந்த வருடம் மே 31 - ஜூன் 1 இரவு கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார்.

எப்படி முடிந்தது? நிலவின் வேகம் கூடிக் குறைந்து பழைய நிலைக்கு வர சுமார் 27.55 நாள் ஆகும். இப்படி ஒன்பது சுற்று போனால் கிட்டத்தட்ட சரியாக 248 நாள். அந்த 248 நாளுக்கும் நிலவு எங்கே இருக்கும் என்பதை 248 வாக்கியங்களாகச் செய்து வைத்திருந்தார்கள். கடபயாதி முறையில் ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண்; வலமிருந்து இடமாக வாசித்தால் பாகை, கலை கிடைத்துவிடும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் அது லுக்-அப் டேபிள், சோழிகள்தான் ரெஜிஸ்டர்.

வாரன் இன்னொன்றும் எழுதுகிறார்: அவருக்கு அபாரமான ஞாபகசக்தி, ஆனால் வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது. கிரகணத் தொடக்கத்தில் பிழை வெறும் 4 நிமிடம். நடுப்பகுதியில் 23, முடிவில் 52!

சிரிக்க எனக்குத் தகுதியில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில், யாரோ எழுதிவிட்டுப் போன ஒரு நிரலை வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். ஓட்டத் தெரியும். விடை தப்பினால் எந்த வரியைத் தொடுவது என்று தெரியாது. கவனம், ஞாபகம், ஒழுங்கு எல்லாம் என்னுடையவை; அறிவு மட்டும் வேறு யாரோ சேர்த்து வைத்தது.

சேர்த்தவர்கள் அப்படி இருக்கவில்லை என்பதற்கு, இதே வாக்கிய முறை வழங்கிய கேரளம் சாட்சி. 14-ஆம் நூற்றாண்டில் சங்கமகிராம மாதவன் நிலவு வாக்கியங்களை விகலை வரை துல்லியமாக்கினார். அவர் வழி வந்த பரமேசுவரன் 55 வருடம் கிரகணங்களைப் பார்த்துப் பார்த்து, கணக்கு வானத்தோடு ஒட்டவில்லை என்று கண்டு, 1431-இல் 'திருக்கணிதம்' எழுதினார். பரம்பரையாக வந்த கணக்கையே திருத்த எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சோழிக்காரரிடம் பட்டியல் வந்து சேர்ந்தது, திருத்தும் பழக்கம் வந்து சேரவில்லை.

2023-இல் சனிப்பெயர்ச்சி நம்மூரில் இரண்டு தடவை வந்தது: திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. இரண்டு நாளும் கோயிலில் கூட்டம். சனி எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேரோ.