300 யென் இயந்திர மனிதன்

விளையாட்டுப் பொருள்களுக்கும் வரலாறு உண்டு என்றால் புன்னகைப்போர் இருக்கலாம். ஆயினும், ஒரு சாண் உயரம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் பொம்மை, பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு மறுவாழ்வு அளித்ததையும், ஒரு தலைமுறைச் சிறுவர்களின் கைகளுக்குத் தொழில் கற்பித்ததையும் நோக்கும்போது, அப்பொம்மையின் வரலாறு எழுதத் தக்கதே என்று நாம் கருதுகிறோம்.

1979 ஏப்ரலில் ஜப்பானில் ‘மொபைல் சூட் கண்டம்’ என்னும் அசைவூட்டத் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. இயக்கியவர் டோமினோ யோஷியுகி. இயந்திரங்களை வடிவமைத்தவர் ஒகாவாரா குனியோ. தொடருக்குப் பொருளுதவி செய்த குளோவர் என்னும் பொம்மை நிறுவனம் சிறு பிள்ளைகளுக்கான இயந்திர வீரனை எதிர்பார்த்தது. கிடைத்ததோ, போரின் துயரத்தைப் பேசிய ஒரு நெடுங்கதை. பொம்மைகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை, பார்வையாளரும் குறைவு. 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடர் 43 பகுதிகளோடு 1980 ஜனவரியில் முடித்துவைக்கப்பட்டது.

கதை இங்கேதான் திரும்புகிறது. பண்டாய் நிறுவனம் 1969இல், நொடித்துப்போன இமாய் நிறுவனத்தின் ஷிமிசு தொழிற்சாலையை விலைக்கு வாங்கியிருந்தது. ஷிமிசு இன்று ஷிசுவோகா நகரின் ஒரு பகுதி. மரவேலைக்குப் பெயர்பெற்ற ஷிசுவோகா, மரத்தாலான மாதிரி உருவங்களிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறிய ஊர். டாமியா இவ்வூர் நிறுவனமே. கப்பலையும் விமானத்தையும் வார்த்துப் பழகிய அந்த மண்ணில், 1980 ஜூலையில் ‘கண்டம்’ இயந்திர மனிதனின் முதல் மாதிரித் தொகுப்பு வெளிவந்தது. விலை 300 யென்.

அதன் அளவு 1/144. கதையில் 18 மீட்டர் உயரமுள்ள இயந்திரம், பெட்டிக்குள் 12.5 சென்டிமீட்டராகச் சுருங்கியது. 12 அடியை ஓர் அங்குலமாக்கும் இக்கணக்கு விமான மாதிரிகளில் முன்பே வழங்கிவந்த ஒன்று. இதன் உட்பொருளை நாம் கவனிக்க வேண்டும். கற்பனை இயந்திரத்தை வெறும் பொம்மையாகக் கருதாமல், உண்மையான போர் ஊர்தியைச் சுருக்குவது போலவே சுருக்கினார்கள். தொடரின் மறுஒளிபரப்பும், 1981லும் 1982லும் வந்த மூன்று திரைப்படங்களும் சேர்ந்துகொள்ள, கடைகளில் இத்தொகுப்புக்காகச் சிறுவர்கள் முண்டியடித்தனர். 1982 ஜனவரியில் சிபா மாநிலக் கடையொன்றின் நகரும் படிக்கட்டில், இவ்வாறு விரைந்த சிறுவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து காயமுற்றனர்.

இத்தனைக்கும் அந்த முதல் தொகுப்பு எளிதானதன்று. பாகங்களைப் பசையால் ஒட்ட வேண்டும். பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரு பாதிகளையும் ஒன்றாக்கும். ஒட்டிய தழும்பைத் தேய்த்து மறைக்க வேண்டும். நிறங்களைத் தூரிகையால் தீட்ட வேண்டும். மூட்டுகள் அதிகம் அசையா. இக்குறைகளே ஒரு கலையை வளர்த்தன என்பது வியப்பு. கால்களை அறுத்து நீட்டியும், மூட்டுகளைப் புதிதாகச் செய்தும் இளைஞர்கள் தங்கள் உருவத்தைத் தாங்களே திருத்தினர். அவ்வாறு திருத்திய ‘ஸ்ட்ரீம் பேஸ்’ குழுவினரின் படைப்புகள் ‘ஹாபி ஜப்பான்’ இதழில் வந்தன. அக்குழுவைச் சேர்ந்த கவாகுச்சி கட்சுமி பின்னர் பண்டாய் நிறுவனத்திலேயே பணியில் சேர்ந்தார். வாங்கியவரே வடிவமைப்பவராக மாறிய வரலாறு இது.

1980களின் பிற்பகுதியில் பசை தேவைப்படாத தொகுப்புகள் வரத் தொடங்கின. 1990இல் வந்த ‘ஹை கிரேடு’ வரிசை, ஒரே சட்டத்தில் பல நிறப் பாகங்களை வார்த்துக் காட்டியது. முளையைத் துளைக்குள் அழுத்தினால் உராய்வே பிடித்துக்கொள்ளும், இவ்வளவுதான் தத்துவம். ஆனால் முளை சற்றே பருத்தால் பாகம் பிளக்கும், மெலிந்தால் கழன்று விழும். நுட்பம் முழுவதும் அச்சின் துல்லியத்தில் உள்ளது.

அத்துல்லியத்தின் இன்றைய முனை, 2020இல் வந்த ‘என்ட்ரி கிரேடு’ கண்டம். வரிக்கு முன் விலை 700 யென். இதை நாங்கள் கோத்துப் பார்த்தோம். பசை வேண்டாம், வண்ணம் வேண்டாம், வெட்டுக்குறடுகூட வேண்டாம். சட்டத்தோடு பாகத்தை இணைக்கும் காம்பு மிக மெல்லியதாதலால் விரலால் திருகியே எடுத்துவிடலாம். மஞ்சள் கண்கள்கூட ஒட்டுத்தாள் அல்ல, தனிப் பாகம். இணைப்புக் கோடுகளை உடலின் மடிப்புகளுக்குள் மறைத்திருப்பது பாராட்டத் தக்கது. ஒரு மணி நேரத்திற்குள் உருவம் எழுந்து நின்றது. முழங்காலும் முழங்கையும் நன்றாக மடங்குகின்றன. குறையென்றால், படைக்கலங்கள் ஒரு துப்பாக்கியும் ஒரு கேடயமும் மட்டுமே. திருகி எடுத்த இடங்களில் சிறு வெண்தழும்புகளும் தங்கிவிடுகின்றன.

ஆயினும் நம் கேள்வி வேறு. செய்வதற்கு ஏதும் மிச்சம் வைக்காத தொகுப்பு, செய்பவரை உருவாக்குமா? பழைய தொகுப்பு சிறுவனிடம் உழைப்பைக் கேட்டது, தோல்வியையும் கொடுத்தது. பசை வழிந்து பாழான உருவத்தோடு இவ்வேலையையே கைவிட்டவர்களை வரலாறு கணக்கில் வைப்பதில்லை; ஸ்ட்ரீம் பேஸ் போன்ற வென்றவர்களையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். புதிய தொகுப்பு அந்த முதல் தோல்வியை நீக்குகிறது. கருவி வாங்க வழியற்ற பிள்ளையும் ஒன்றை முழுமையாகச் செய்து முடிக்கலாம். அறுப்பதற்கும் தீட்டுவதற்கும் தடையேதும் இல்லை; அது அதே வகைப் பிளாஸ்டிக்தான். முன்பு அவ்வேலை கட்டாயமாயிருந்தது, இன்று விருப்பமாகிவிட்டது.

கட்டாயத்தால் கற்றவர் சிலர், விருப்பத்தால் கற்பவர் சிலர். எளிமை கதவைத் திறக்கும்; உள்ளே நடப்பது அவரவர் கையில். 300 யென்னாயினும் 700 யென்னாயினும், ஒரு சிறுவன் தன் கைச்செலவுப் பணத்தில் வாங்கத் தக்கதாக அது நீடிப்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி என்பது நம் துணிபு.