தரைக்கு மூன்று சொந்தக்காரர்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மனை வாங்கினால், வாங்குவது மேல்தரையை மட்டுமாக இருக்கலாம். கீழே இருக்கும் நிலக்கரி வேறொருவருக்குச் சொந்தம். அதற்கும் மேல் ஒரு கூத்து உண்டு. மேல்தரை அமிழ்ந்துவிடாமல் தாங்கி நிற்கிறதே, அந்தத் 'தாங்கும் உரிமை'யும் அங்கே தனிச் சொத்து. விற்கலாம், வாங்கலாம்.

1878-ல் ஒரு நிலக்கரிக் கம்பெனி மேல்தரையை மட்டும் விற்றது. கரியை நாங்கள் எடுப்போம், சேதமானால் கேட்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிக்கொண்டது. பிற்பாடு அந்த வீட்டில் குடியிருந்த மஹோன் தம்பதிக்கு, உங்கள் வீட்டுக்குக் கீழே தோண்டப் போகிறோம் என்று கம்பெனி நோட்டீஸ் அனுப்பியது. குடியிருப்புகளுக்குக் கீழே நிலம் அமிழும்படி தோண்டக் கூடாது என்று 1921-ல் மாநிலம் போட்டிருந்த சட்டத்தைக் காட்டி அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1922 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதியவர் ஹோம்ஸ். மாறுபட்டவர் பிராண்டைஸ் ஒருவர்தான்.

1966-ல் மாநிலம் மறுபடி முயன்றது. அப்போது நின்றிருந்த வீடுகளுக்குக் கீழே பாதிக் கரியைத் தூணாக விட்டுவைக்க வேண்டும் என்று விதி வந்தது. 1987-ல் உச்ச நீதிமன்றம் இதை ஒப்புக்கொண்டது. அதுவும் ஐந்துக்கு நான்கு என்று மயிரிழையில். சரி, வீடு தப்பித்தது. கிணறு? அதைப் பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சே இல்லை.

அதற்குள் தோண்டும் முறையே மாறியிருந்தது. 'லாங்வால்' என்பார்கள். தூணே விடுவதில்லை. முந்நூறு, நானூறு மீட்டர் அகலத்துக்குக் கரியை மொத்தமாகச் சீவி எடுத்துக்கொண்டே இயந்திரம் நகரும். பின்னால் கூரை விழும். விழட்டும் என்றுதான் விடுகிறார்கள். மேலே நிலம் மூன்று, நான்கு அடி இறங்கும். பாறை விரியும். ஓடைத் தண்ணீர் அந்த விரிசலுக்குள் போய்விடும், அல்லது பள்ளத்தில் குட்டையாகத் தேங்கும்.

1994-ல் வந்த 54-ம் எண் சட்டம் ஒரு சமரசம். தோண்டிக்கொள், கெடுத்ததைச் சரிசெய். இதில் எனக்குப் பிடித்தது 35 டிகிரிக் கணக்கு. தோண்டிய விளிம்பிலிருந்து மேல்நோக்கி, செங்குத்துக்கு 35 டிகிரி சாய்வில் ஒரு கோடு. அதற்குள் இருக்கும் கிணறு வற்றினால் கம்பெனிதான் காரணம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது கம்பெனியின் தலைவலி. ஆகவே தோண்டும் முன்பே ஊரில் உள்ள கிணறு, ஊற்றையெல்லாம் அளந்து எழுதியாக வேண்டும். பி.காம். பாஷையில், ஆரம்ப இருப்பு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாநிலமே ஒட்டுமொத்தமாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஓடைதான் சிக்கல். புகார் எழுத அதற்கு வீட்டுக்காரர் கிடையாது. மழை பொய்த்தாலும் வற்றும். ஒருநாள் அளந்து பயனில்லை. முன்னும் பின்னும் அளந்து, சுரங்கம் தொடாத வேறொரு ஓடையோடு ஒப்பிட வேண்டும். தண்ணீர் ஓடினால் மட்டும் போதாது, பம்ப் வைத்தும் ஓட்டலாம் அல்லவா? அதனால் கல்லுக்கு அடியில் வாழும் பூச்சிகளை எண்ணுகிறார்கள். பூச்சியை ஏமாற்ற முடியாது!

கிரீன் கவுன்டியில் ரையர்ஸன் என்றொரு பூங்கா. அதில் 62 ஏக்கர் ஏரி. பக்கத்தில் பெய்லி சுரங்கம். 2005-ல் அணையில் விரிசல் கண்டு ஏரியைக் காலி செய்தார்கள். சுரங்கம்தான் காரணம் என்றது அரசு. இல்லை என்றது கம்பெனி. பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே 2013-ல் மூன்று கோடியே அறுபது லட்சம் டாலர் தரச் சம்மதித்தது. பணம் கிடைத்ததும் அணை கட்டலாம் என்று இடத்தை ஆராய்ந்தார்கள். நிலம் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அணை கட்டப்போவதில்லை என்று 2015-ல் அறிவித்துவிட்டார்கள்.