கூர், கை, கல்: பட்டறை அறிவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழில் அறிவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே 'கூர்மை' வந்துவிடுகிறது. கூர்மதி, கூர்ந்த நோக்கு, கூரிய விமர்சனம். அறிவில்லாதவன் மழுங்கியவன், பேச்சு வழக்கில் 'மொக்க'. கத்தியிலிருந்தும் உளியிலிருந்தும் எடுத்த உருவகம் இது. ஆனால் அந்தக் கத்திக்குச் சாணை பிடித்தவன் யார், அவனுக்கு என்ன தெரிந்திருந்தது, அந்த அறிவு பின்னால் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்கிற கேள்விகள் நம் அறிவுச் சொல்லாடலுக்குள் அதிகம் வந்ததில்லை. உருவகத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். உழைப்பு பட்டறையிலேயே கிடக்கிறது.

தொழிற்புரட்சியின் வரலாற்றை நீராவி எஞ்சின், கடைசல் இயந்திரம், மின்சாரம் என்று எழுதிப் பழகியிருக்கிறோம். உலோகத்தை வெட்டுகிற எந்த முனையும் வெட்ட வெட்ட மழுங்கும். மழுங்கியதும் யாரோ ஒருவர் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கல்லுக்குப் போக வேண்டும். அந்த 'யாரோ' யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? உழைப்பாளியின் அறிவு அவனிடமிருந்து பறிக்கப்பட்ட வரலாற்றில் இந்தக் கேள்வி ஒரு மைய அத்தியாயம் என்பதே என் வாதம்.

2

ட்ரில் பிட்டையே எடுத்துக்கொள்வோம். கொல்லன் அடித்துத் தட்டையாக்கிய ட்ரில்லின் இடத்தை, 1863இல் அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் காப்புரிமை பெற்ற முறுக்கு ட்ரில் மெல்ல மெல்லப் பிடித்தது. தொழிற்சாலையில் பிறந்த பண்டம் அது. ஆனால் மழுங்கிய பிறகு அது மறுபடி கைக்குத்தான் வந்தாக வேண்டும்.

பாடப்புத்தகம் சொல்வது இவ்வளவுதான்: முனைக்கோணம் 118 பாகை. இரண்டு 'லிப்'பும் ஒரே நீளம், ஒரே சாய்வு. வெட்டும் விளிம்புக்குப் பின்னால் உலோகம் 12 பாகை அளவுக்குச் சரிந்து விலக வேண்டும். விலகாவிட்டால் ட்ரில் வெட்டாது, உரசும். ஒரு லிப் நீண்டுவிட்டால் ஓட்டை ட்ரில்லின் அளவைவிடப் பெரிதாகும். எல்லாம் சரி. ஆனால் லிப்பைக் கிடைமட்டமாகக் கல்லில் வைத்து, பின்பக்கத்தைப் பிடித்த கையை மெதுவாக இறக்கும் அந்த ஒரே அசைவை எந்த வரைபடத்திலிருந்தும் கற்க முடியாது. கோவையில் ஒரு லேத் பட்டறையில் நான் வேலை பழகிய காலத்தில், அங்கிருந்த டர்னர் கோணமானியைத் தொட்டே நான் பார்த்ததில்லை. அவர் சொல்வார்: "அளவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. ரெண்டு பக்கமும் சுருள் ஒண்ணாட்ட வருதான்னு பாரு. ஒரு பக்கம் மட்டும் வந்தா ஒரு லிப்புதான் வேல செய்யுது, இன்னொண்ணு சும்மா சுத்துது. அப்பறம் சத்தத்தக் கேளு. வெட்டற சத்தம் வேற, உரசற சத்தம் வேற."

இத்தகைய அறிவை 'சொல்லில் அடங்காதது' என்று வகைப்படுத்துவது கோட்பாட்டு உலகில் வழக்கமாகிவிட்டது. மைக்கேல் போலன்யி முன்வைத்த உள்ளுறை அறிவு என்னும் கருத்தாக்கத்தைப் பலரும் இப்படித்தான் கையாள்கிறார்கள். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. அந்த டர்னர் ஊமையாக இல்லை. கண்ணுக்கு ஒரு சோதனை, காதுக்கு ஒரு சோதனை, இரண்டுக்கும் காரணம் என்று அவர் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். எழுதியவர்கள்தான் பக்கத்தில் இல்லை. பதிவாகாததைச் 'சொல்ல முடியாதது' என்று பெயரிடுவதிலும் ஓர் அதிகாரம் செயல்படுகிறது.

3

இந்த வாயையும் கையையும் கவனமாகக் கவனித்த ஒருவர் உண்டு: ஃபிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர். வசதியான குடும்பத்தில் பிறந்தும் பட்டறையில் பயிற்சித் தொழிலாளியாக இருந்தவர். 1878இல் ஃபிலடெல்ஃபியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் சேர்ந்தார். தொழிலாளர்கள் எவ்வளவு வேலை செய்வது என்பதைத் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரியும். 1880இல் தொடங்கி 26 ஆண்டுகள் உலோகம் வெட்டும் பரிசோதனைகளை நடத்தினார். பதிவானவை மட்டும் 30,000 முதல் 50,000 வரை என்பது அவரது கணக்கு. சீவித் தள்ளிய இரும்பும் எஃகும் 8,00,000 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 360 டன். வெட்டுதலைத் தீர்மானிக்கும் காரணிகள் பன்னிரண்டு என்று கண்டு, அவற்றைக் கணக்கிடத் தனி நழுவுகோல்கள் செய்வித்தார். 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் தலைமையுரையாக இதை வெளியிட்டார். இதற்கிடையில் பெத்லஹேம் எஃகு ஆலையில் மான்செல் வைட்டுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அதிவேக எஃகு, 1900 பாரிஸ் கண்காட்சியில் முனை சிவக்கச் சிவக்க வெட்டிக் காட்டியது. நம் பட்டறைகளில் இன்றும் 'ஹெச்.எஸ்.எஸ்.' என்று கேட்டு வாங்கும் டூல் பிட்டின் மூதாதை அது.

டெய்லர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கையில் நிறுத்துகடிகாரத்தோடு நிற்கும் கண்காணி. ஆனால் அவரது ஏற்பாட்டில் கடிகாரத்தைப் போலவே முக்கியமானது கருவி அறை. தொழிலாளி தன் டூலைத் தானே கல்லில் பிடிக்கக் கூடாது. வடிவமும் கோணமும் திட்ட அறையில் முடிவாகும். கருவி அறையில் தனி ஆட்கள், முடிந்தால் தானியங்கி எந்திரம், தீட்டி வைக்கும். தொழிலாளி வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். ஹாரி பிரேவர்மன் 1974இல் சிந்தனையும் செயலும் பிரிக்கப்பட்டதாக எழுதியது இங்கே கண்ணால் பார்க்கும்படி நடக்கிறது. கல் இருந்த மூலைக்கும் கருவி அறைக்கும் நடுவே ஒரு சுவர் எழுகிறது. கல்லுக்குப் போவதென்றால் இரண்டு நிமிடம் எந்திரத்தை விட்டு விலகுவது, பக்கத்தில் நிற்பவனிடம் ரெண்டு வார்த்தை பேசுவது என்பதும் பட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியும். அதுவும் சேர்ந்துதான் போயிற்று.

1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் ஆயுதச்சாலையின் வார்ப்புத் தொழிலாளர்கள் கடிகாரத்தை எதிர்த்து வெளியேறினார்கள். நாடாளுமன்ற விசாரணை நடந்தது. 1915 முதல் ராணுவ நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கடிகாரம் வைத்து வேலையை அளப்பதற்குத் தடை விழுந்தது. கருவி அறைக்குத் தடை ஏதும் இல்லை. நேரத் திருட்டு கண்ணில் படுகிறது. அறிவுத் திருட்டு நிர்வாகச் சீர்திருத்தமாகவே தெரிகிறது. 1914இல் டெய்லர் முறையை மனிதனை எந்திரத்துக்கு அடிமையாக்குவது என்று கண்டித்த லெனின், 1918இல் அதைக் கற்று சோவியத் ஆலைகளில் சோதித்துப் பார்க்கச் சொன்னார். நம் இடதுசாரிகள் முதலாவதை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு இரண்டாவதைப் பேசுவதில்லை.

4

அப்படியானால் கல் தொழிலாளியின் கையிலேயே இருந்திருந்தால் சுதந்திரமா? ஷெஃபீல்டைப் பார்த்தால் வாய் அடைத்துவிடும். கத்தியும் முள்கரண்டியும் அரமும் தீட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட ஊர் அது. தண்ணீர் விடாமல் உலர்ந்த கல்லில் தீட்டுபவர்கள் 35 வயதைக் கூட அரிதாகவே எட்டுகிறார்கள், ஈரக்கல்லில் தீட்டுபவர்கள் 45ஐத் தாண்டுவது அபூர்வம் என்று டாக்டர் நைட் என்பவரை ஆதாரமாக வைத்து எங்கெல்ஸ் 1845இல் எழுதினார். கல்தூளும் இரும்புத்தூளும் நுரையீரலில் படிந்து வந்த நோய்க்குத் 'தீட்டுவோர் இளைப்பு' என்றே பெயர். 1820களின் தொடக்கத்திலேயே தூளை இழுத்துப் பிடிக்கும் காந்தக் கருவி ஒன்றை அவ்வூர்க்காரர் ஒருவர் செய்து பரிசும் வாங்கினார். இத்தகைய பாதுகாப்புகளைத் தொழிலாளர்களே எதிர்த்தார்கள் என்பதையும் எங்கெல்ஸ் பதிவு செய்கிறார்: ஆயுள் கூடினால் ஆள் கூடும், ஆள் கூடினால் கூலி குறையும்.

இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. எனக்கு இது பயங்கரமான ஒரு கணக்காகவே தெரிகிறது. அறிவு அவர்களுடையது, கல்லும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பில். ஆனால் பேரம் பேச இருந்த ஒரே ஆயுதம் சக தொழிலாளியின் சீக்கிரச் சாவு. கைத்திறனைப் புகழ்ந்து எழுதும்போது இந்த நுரையீரலையும் சேர்த்தே எழுத வேண்டும்.

5

கல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அது நம் பக்கம் திரும்புகிறது. ஆங்கிலத்தில் 'கொரண்டம்' எனப்படும் கனிமத்தின் பெயர் நம் 'குருந்தம்', 'குருவிந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. சேலம் வட்டாரத்தில், இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் சித்தம்பூண்டிப் பக்கம், கிடைக்கும் கல் அது. அதைப் பொடித்து அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்வது இந்தியாவில் பழைய வழக்கம். 1798இல் சார்ல்ஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இந்த ஆசியக் கல்லைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1891இல் எட்வர்ட் ஆச்சிசன் மின்உலையில் ஒரு புதுப் பொருளைச் செய்தார். அது கரியும் கொரண்டமும் சேர்ந்தது என்று எண்ணி 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. 1954இல் கார்போரண்டம் யூனிவர்சல் சென்னையில் தொடங்கப்பட்டபோது நம் சொல் ஒரு கம்பெனியின் பெயராக ஊர் திரும்பியது.

இதைக் கேட்டு மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அதன் பாதை. டெய்லர் தொழிலாளியின் கோணத்துக்குச் செய்ததைத்தான் காலனியம் இந்தச் சொல்லுக்கும் கல்லுக்கும் செய்தது: எடுப்பது, அளப்பது, தரப்படுத்துவது, பிறகு விலைக்குத் திருப்பித் தருவது.

6

நம் சிறு பட்டறைகளுக்கு டெய்லர் முழுதாக வந்து சேரவில்லை. நான்கைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் கருவி அறைக்கு ஏது காசு? மூலையில் ஒரு கிரைண்டர், ஒரு பக்கம் சாதாரணக் கல், மறுபக்கம் கார்பைடு முனைக்கான பச்சைக் கல். அறிவு டர்னரிடமே தங்கிவிட்டது. ஆனால் அது மதிப்பினால் தங்கவில்லை, பறிக்கிற செலவுக்குக்கூடப் பெறாததாக முதலாளியத்துக்குத் தோன்றியதால் தங்கியது. இங்கே இன்னொன்றும் உண்டு. சிந்தனையையும் செயலையும் பிரிக்க அமெரிக்காவில் 26 ஆண்டுப் பரிசோதனை தேவைப்பட்டது. இங்கே சாதி அதை எந்தப் பரிசோதனையும் இல்லாமல் எப்போதோ முடித்து வைத்திருந்தது. கரி படிந்த கை எழுதாது, எழுதுகிற கை கல்லைத் தொடாது. டிப்ளமோ வாங்கி வந்தவர் மேசையில், டூலைத் தீட்டத் தெரிந்தவர் நின்றுகொண்டே என்ற காட்சிக்கு டெய்லர் மட்டும் காரணமில்லை.

இப்போது அந்த மூலையும் காலியாகி வருகிறது. 1920களில் ஜெர்மனியில் க்ருப் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டங்ஸ்டன் கார்பைடும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவிய திருகிப் பொருத்தும் முனைகளும் தீட்டுவதையே தேவையற்றதாக்கின. ஒரு மூலை மழுங்கினால் திருப்பி வைக்கலாம். எல்லா மூலையும் மழுங்கினால் கழற்றிவிட்டுப் புதிது. டெய்லர் கல்லை இடம்தான் மாற்றினார். இந்த முனைகளோடு கூர் என்பது கொள்முதல் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டது. சி.என்.சி. எந்திரத்தில் நேராக வேலைக்குச் சேரும் பையன் கல்லுக்குப் போகாமலே தேர்ந்துவிட முடிகிறது. அவன் கண்ணில் பொறி தெறிக்காது என்பது நல்லதுதான். அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உரசும் சத்தத்தைக் கேட்டு எந்திரத்தை நிறுத்தும் முடிவும் அவனிடம் இல்லை. கூலிப் பேச்சில் 'நான் இல்லாட்டி இது ஓடாது' என்று சொல்ல அவன் கையில் மிஞ்சியது குறைவு.

கைத்தொழிலுக்கு இரங்கற்பா எழுதுவது எனக்கு உவப்பில்லை. இன்னும் கல்லில் ட்ரில் பிடிக்கிறவர்கள் நம் பட்டறைகளில் இருக்கிறார்கள். அவர்கள் சுருளுக்கும் சத்தத்துக்கும் பொறிக்கும் வைத்திருக்கும் சொற்களை, அவர்களுடைய கூலி, இருமல், கண் ஆகியவற்றின் கணக்கோடு சேர்த்துப் பதிவு செய்யலாம். அதை அவர்கள் பெயரிலேயே வெளியிடவும் வேண்டும்; பெயரை விட்டுவிட்டு அறிவை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் நாமும் இன்னொரு கருவி அறையைத்தான் கட்டுகிறோம்.